விதை விழும் இடத்துக்கு மட்டும் உழவு

(வானொலி வேளாண் உரை)

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசக்காட்டுச் சம்சாரிகளுக்காக இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். மக்காச்சோளம், பருத்தி, சூரியகாந்தி, சோளம், துவரை என்று வரிசை பிடித்து விதைக்கிற பயிர்களுக்கு நிலத்தை எப்படித் தயார் செய்தால் செலவும் குறையும், ஈரமும் மிஞ்சும், பட்டமும் தப்பாது என்பதுதான் விஷயம்.

நம்ம மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலே பாதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு மார்கழி பாதியிலேயே மழை விடைபெற்றுக் கொள்ளும். அப்புறம் பயிர் நிற்பது மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தை நம்பித்தான். புரட்டாசியில் விதைப்பு பத்து நாள் பிந்தினால், அந்தப் பத்து நாள் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் குறையும். ஆகையினால் மானாவாரிக்காரருக்கு நாள்தான் முதல் இடுபொருள். உரம்கூட அதற்கு அடுத்ததுதான்.

அந்த நாளை நாம் எதிலே தொலைக்கிறோம்? பெரும்பாலும் உழவில்தான் தொலைக்கிறோம். மழை பெய்ததும் ஊரிலே எல்லோரும் ஒரே நேரத்தில் டிராக்டரைத் தேடுகிறோம். “அண்ணாச்சி, நாளைக்கு உங்க காடுதான்” என்று சொன்ன டிராக்டர்காரர் நாலு நாள் கழித்து வருகிறார். அதற்குள் மேல் ஈரம் காய்ந்து, உழுதால் பாளம் பாளமாகக் கட்டி பெயருகிறது. கட்டியை உடைக்க மறுபடி ஒரு உழவு, அப்புறம் ரோட்டாவேட்டர். இப்படி ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் காற்றிலே போவது நம்ம ஈரம்தான்.

பட்டை உழவு என்றால் என்ன?

இரண்டடி இடைவெளியில் வரிசை போட்டு மக்காச்சோளம் விதைக்கிறோம். விதை விழுவது ஒரு கோட்டிலே. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் நாலு நாலு அங்குலம், ஆக எட்டங்குல அகலம் மண் பொலபொலப்பாக இருந்தால் விதை முளைக்கும், முதல் வேர் இறங்கும். மீதி இருக்கிற பதினாறு அங்குலத்தை எதற்காகப் புரட்டுகிறோம்? பழக்கத்துக்காகத்தான்.

விதை விழுகிற எட்டங்குலப் பட்டையை மட்டும் ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் கிளறிவிட்டு, நடுவிலே இருக்கிற நிலத்தைப் போன வெள்ளாமையின் தாளோடும் வேரோடும் அப்படியே விட்டுவிடுவதற்குப் பெயர்தான் பட்டை உழவு. மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் புரளும். ‘அகல உழுவதைக் காட்டிலும் ஆழ உழு’ என்று நம்ம பெரியவர்கள் சொல்லி வைத்தார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

இது அமெரிக்காவிலே மக்காச்சோளம், சோயா மொச்சை விளைகிற பெரிய பண்ணைகளில் நன்றாகப் பரவியிருக்கிறது. 1930-களில் அந்த நாட்டில் அளவுக்கு மீறி உழுத சமவெளிகளில் வறட்சி வந்து, மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் குறைந்த உழவைப் பற்றி அவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள். அங்கே வசந்த காலத்தில் பனி உருகி மண் குளிர்ந்து சொதசொதவென்று கிடக்கும். விதைக்கிற பட்டையை மட்டும் திறந்துவிட்டால் வெயில் பட்டு அந்த இடம் சீக்கிரம் சூடேறும், விதை முளைக்கும். அதற்காக அவர்கள் செய்கிறார்கள். நமக்குச் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. நாம் செய்ய வேண்டியது நடுவிலே மூடியிருக்கிற நிலத்தைக் குளிர்ச்சியாக வைத்து ஈரத்தைப் பூட்டி வைப்பதற்காக. வேலை ஒன்றுதான், காரணம்தான் நேர் எதிர்.

வட இந்தியாவிலே நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்க, கொழுவுக்கு முன்னால் மட்டும் சுழலும் கத்தி வைத்த பட்டை உழவு விதைப்புக் கருவி இருக்கிறது. நமக்கு அந்தக் கருவி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்ம ஊரிலே இருக்கிற கலப்பையே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் சால் அரையடி அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓர் ஏக்கரை ஒரு தடவை முழுசாக உழ, மாடும் ஆளும் 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டடிக்கு ஒரு சால் மட்டும் போட்டால் நடை 7 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதே சாலில் இரண்டாம் தடவை ஆழமாகப் போனாலும் முழு உழவின் பாதித் தூரம்தான்.

டிராக்டருக்கும் இதே கணக்குத்தான். இரண்டு சட்டிக் கலப்பை ஒரு தடவை, ஒன்பது கொத்துக் கலப்பை இரண்டு தடவை, கடைசியில் ஐந்தடி ரோட்டாவேட்டர் ஒரு தடவை. நம்ம வழக்கம் ஏறக்குறைய இதுதானே? இதற்கு டிராக்டர் ஓர் ஏக்கரில் 13 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். பட்டை உழவில் நாலு கொத்தை வைத்து இரண்டு தடவை போனால் மூன்றரைக் கிலோமீட்டர் போதும். ஓட்டம் நாலில் ஒரு பங்கு. உங்கள் ஊர் மணி வாடகையை நீங்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே டிராக்டர் ஒரு நாளில் அதிகம் பேர் காட்டுக்குப் போய்வர முடியும். ஊர் முழுவதும் ஒரு மழை ஈரத்திலேயே வேலையை முடித்துக் கொள்ளலாம்.

எப்போது, எப்படிச் செய்வது?

முதல் வாய்ப்பு சித்திரை, வைகாசிக் கோடை மழை. ஒரு கோடை மழை நன்றாக இறங்கி, மண் ஒரு சாண் ஆழம் நனைந்திருக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்கணும், ஆனால் விரலிலே ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஒட்டுகிற ஈரத்தில் உழுதால் பட்டை இறுகிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். கோடை மழை ஏமாற்றிவிட்டால் காய்ந்த கரிசலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆடி, ஆவணியில் வருகிற இடிமழைக்குக் காத்திருங்கள்.

ஒன்பது கொத்துக் கலப்பையில் கொத்துக்கு நடுவே முக்காலடி இடைவெளி இருக்கும். சோளம், பருத்தி ரகங்கள் போல ஒன்றரையடி வரிசைக்கு, ஒன்று விட்டு ஒன்றாகக் கழற்றிவிடுங்கள். ஐந்து கொத்து மிஞ்சும். இரண்டடி வரிசை வேண்டுமென்றால் போல்ட்டைத் தளர்த்தி நாலு கொத்தை இரண்டடிக்கு ஒன்றாக நகர்த்தி முடுக்குங்கள். அரை மணி நேர வேலை. முதல் ஓட்டத்தில் அரை ஆழம், அதே தடத்தில் இரண்டாம் ஓட்டத்தில் முழு ஆழம். சக்கரத் தடம் பெரும்பாலும் நடுவிலே விழும். விதைப் பட்டை மிதிபடாது.

நிலம் சாய்கிற திசைக்குக் குறுக்கேதான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்ன வரப்பு வாய்க்கால் மாதிரி மழைத் தண்ணீரை மறித்து உள்ளே இறக்கும். சாய்வோடு ஓட்டினால் மண்ணை வாரிக்கொண்டு போகும்.

ஓட்டி முடித்ததும் இருபுற வரப்பிலும் முதல் பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் நேராகக் கல் நட்டு வையுங்கள். நாலு மாசம் கழித்து விதைக்கும்போது பட்டை மங்கிப் போயிருந்தாலும் இடம் தெரியும்.

ஊட்டமேற்றிய தொழுவுரம் ஏக்கருக்கு 300 கிலோ என்பது மானாவாரிக்கு உள்ள பரிந்துரை. அதைக் காடு முழுக்க இறைக்காமல் பட்டைக்குள் மட்டும் போடுங்கள். இருக்கிற கொஞ்ச எருவும் வேர் தேடி வருகிற இடத்திலே கிடக்கும்.

அடுத்தது புரட்டாசி. கோவில்பட்டியில் 1901-லேயே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், நம்ம கரிசலுக்காகவே பல காலமாகச் சொல்லி வருகிற முறை பருவமழைக்கு முந்திய விதைப்பு. செப்டம்பர் பாதிக்கு மேல், மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் விதையைப் போட்டுவிடுவது. அந்த ஆழத்தில் இருக்கிற விதை சின்னத் தூறலுக்கு ஏமாறாது. மண் நன்றாக நனைகிற மழைக்குத்தான் முளைக்கும். ஆனால் காய்ந்த கரிசலில் இரண்டு அங்குலம் விதையை இறக்குவது எப்படி என்பதுதான் பலருக்கும் தடங்கல். கோடையிலேயே பட்டை போட்டு வைத்திருந்தால் அந்தத் தடங்கல் தீர்ந்தது. விதையும் உரமும் சேர்ந்து போடுகிற விதைப்புக் கருவியை அதே இடைவெளிக்கு வைத்து, அதே பட்டையில் ஓட்ட வேண்டியதுதான். கருவி இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள்.

சோள விதையைக் கடினப்படுத்தி விதைப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லி வீதம் ஊற்றி ஆறு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய பதத்துக்கு உலர்த்தி எடுத்தால் முளைப்பு வறட்சியைத் தாங்கும்.

பட்டாசு ஆலையும் களைவெட்டும்

இப்போது நம்ம வட்டாரத்துக்கே உள்ள ஒரு கஷ்டத்துக்கு வருகிறேன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் ஆலை வேன் வந்து ஊரிலுள்ள ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரம். நமக்கு விதைப்பும் முதல் களைவெட்டும் அதே புரட்டாசி, ஐப்பசியில்தான். வாரக் கூலியும் முன்பணமும் கிடைக்கிற ஆலையை விட்டுவிட்டு உங்கள் காட்டுக்கு வா என்று யாரையும் குறை சொல்ல முடியாது. பல வீடுகளில் காட்டுக்குச் சொந்தக்காரரே ஆலைக்குப் போகிறவர்தான்.

இதனால் என்ன நடக்கிறது? முளைத்த பதினைந்து, இருபது நாளில் எடுக்க வேண்டிய முதல் களை தங்கிவிடுகிறது. அந்த வயதில் களை குடிக்கிற தண்ணீரைப் பயிர் அப்புறம் திரும்பப் பெற முடியாது. “ஆள் வரட்டும், வெட்டிக்கிடுவோம்” என்று இருந்தவர்களின் காட்டில் தீபாவளிக்குப் பிறகு களைக்குள்ளே பயிரைத் தேட வேண்டியிருக்கிறது.

பட்டை உழவு இங்கேதான் கை கொடுக்கும். வரிசை கோடு பிடித்த மாதிரி நேராக இருப்பதால் நடுவிலே மாடு பூட்டியோ, கையால் தள்ளிப் போகிற களைக் கருவியாலோ ஊடு உழவு ஓட்டலாம். இன்னொரு சௌகரியம். முழுக்க உழுத கரிசலில் மழை பெய்தால் நாலைந்து நாள் கால் வைக்க முடியாது. முழங்கால் வரை இழுக்கும். உழாமல் விட்ட நடுநிலம் கெட்டியாக இருப்பதால் முன்னதாகவே கால் தாங்கும், கருவியும் இறங்கும். ஓர் ஏக்கருக்குப் பல ஆள் தேடுகிற இடத்தில் ஒருவரே கருவியை ஓட்டி நடுவிடத்தை முடித்துவிடலாம். பட்டைக்குள் செடிக்குச் செடி நிற்கிற களை மட்டும்தான் கைவேலை.

அந்தக் கைவேலையையும் குறைக்க வேண்டுமானால் பட்டைமேல் மட்டும் களைக்கொல்லி தெளிக்கலாம். தனி மக்காச்சோளத்துக்கு அட்ரசின் 50 சத நனையும் தூள் ஏக்கருக்கு 200 கிராம். பருத்திக்கும் பயறு வகைக்கும் பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. ஏக்கருக்கு 1.3 லிட்டர். இது முழு நிலத்துக்கு உள்ள அளவு. பட்டைமேல் மட்டும் தெளித்தால் மூன்றில் ஒரு பங்கு மருந்து போதும். விதை ஈரம் கண்ட மூன்றாம் நாளை ஒட்டி, மண் ஈரமாக இருக்கும்போது, பயிரும் களையும் வெளியே வருமுன் தெளிக்க வேண்டும். மக்காச்சோளத்துக்குள் உளுந்தோ தட்டையோ ஊடுபயிராகப் போட்டிருந்தால் அட்ரசினைத் தொடவே கூடாது. பயறு கருகிப் போகும். முளைத்து நிற்கிற களைக்குக் கிளைபோசேட் அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பயிர் நிற்கிற காட்டிலே அது பயிரையும் சேர்த்துக் கொல்லும். 2022-இல் மத்திய அரசு அதன் உபயோகத்துக்குக் கட்டுப்பாடு விதித்து ஆணையும் போட்டது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது களை முப்பத்தைந்து, நாற்பது நாளில் வரும். அது அநேகமாகத் தீபாவளி முடிந்து ஆலைகள் விடுமுறை விட்டிருக்கிற சமயமாக இருக்கும். அப்போது ஊரிலேயே ஆள் கிடைக்கும். ஆக, முதல் களையைக் கருவியால் சமாளித்துவிட்டால் இரண்டாவது களை தானாக வழிக்கு வரும்.

எங்கே செய்யக் கூடாது?

ஒரு முறையைச் சொல்கிறபோது அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தாது.

முதலாவது, கோரையும் அருகும் மண்டிய காடு, வேலிக்கருவை வேரோடிய தரிசு. இங்கே உழாமல் விடுகிற நடுநிலம் களைக்கு நாற்றங்கால் ஆகிவிடும். முதலில் வேரைப் பறித்து முழு உழவு போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பட்டை உழவு அடுத்த வருஷம்.

இரண்டாவது, படைப்புழு. 2018-இல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் நுழைந்த இந்தப் புழு நம்ம மாவட்டச் சம்சாரிகளை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூண்டுப்புழு ஆகிறது. கோடையில் முழுசாக உழுதால் கூண்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். பட்டை உழவில் நடுநிலத்தில் இருப்பது தப்பித்துக் கொள்ளும். ஆகவே போன வருஷம் படைப்புழு கடுமையாகத் தாக்கிய காட்டில், மறுபடியும் மக்காச்சோளமே போடுவதாக இருந்தால், இந்த வருஷம் கோடை உழவை முழுசாகவே போடுங்கள். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இடுங்கள். மக்காச்சோளத்துக்குப் பிறகு பருத்தி, சூரியகாந்தி என்று பயிரை மாற்றுகிற காட்டில் பட்டை உழவு செய்யலாம்.

மூன்றாவது, பருத்தி மார். மக்காச்சோளத் தாளையும் சோளத் தாளையும் அரையடி உயரம் விட்டு வைப்பது நல்லது. வெயிலை மறைக்கும், காற்றைத் தடுக்கும். மேல் தட்டையை மாட்டுக்கு எடுத்துக் கொள்ளலாம். பருத்தி மாரை மட்டும் விட்டு வைக்கக் கூடாது. அதிலே காய்ப்புழு தங்கும். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திய பிறகே பட்டை போடுங்கள். எந்தத் தாளுக்கும் தீ மட்டும் வைக்காதீர்கள்.

நான்காவது, ஓரடி வரிசையில் தனியாக விதைக்கிற உளுந்து, பாசிக்கும், கைவிதைப்பாக வீசுகிற கொத்தமல்லிக்கும் இது சரிப்படாது. வரிசை நெருக்கமானால் பட்டையும் நடுநிலமும் ஒன்றாகிவிடும்.

ஐந்தாவது, அடிமண் இறுகின காடு. வருஷா வருஷம் ரோட்டாவேட்டர் ஓடிய காட்டில் சாண் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உண்டாகியிருக்கும். கடப்பாரையை இறக்கிப் பார்த்தால் கைக்கே தெரியும். அங்கே மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உளிக் கலப்பையை விதை வரிசையிலேயே ஒன்றரை அடி ஆழம் வரை ஓட்டிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் பட்டை போடுங்கள்.

மாசிப் பட்டத்துக்கும் உண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் அறுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நம்பி மாசியில் பருத்தியோ மக்காச்சோளமோ போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அறுப்பு முடிந்த வயலில் இன்னும் ஈரம் இருக்கும். அதை முழுக்க உழுது காயப்போட்டு, கட்டி உடைத்து, மறுபடி கிணற்றுத் தண்ணீரை விட்டு நனைக்கிறோம். இருந்த ஈரத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, மோட்டார் போட்டு அதையே திரும்ப வாங்குகிறோம். தாளை நிற்க விட்டு, பதம் வந்ததும் பட்டை மட்டும் போட்டு விதைத்தால் முதல் தண்ணீர் மிச்சம். விதைப்பும் முந்தும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் செடி வேர் பிடித்துவிடும்.

“நடுவிலே உழாமல் விட்டால் வேர் எப்படிங்க போகும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் தானாகவே வெடித்துப் பிளக்கும், மழையில் தானாகவே பொங்கி மூடும். வருஷம் பூராவும் அது தன்னைத் தானே உழுதுகொண்டே இருக்கிறது. போன வெள்ளாமையின் வேர் மக்கின துளை வழியாகப் புது வேர் இறங்கும். மண்புழு போட்ட பாதையும் இருக்கும். அந்தப் பாதைகளை நாம் வருஷம் தவறாமல் புரட்டி அடைக்காமல் இருந்தாலே போதும்.

ஆனாலும் என் பேச்சை நம்பி எடுத்தவுடன் முழுக் காட்டிலும் செய்ய வேண்டாம். இந்தக் கோடை மழையில் அரை ஏக்கர் மட்டும் பட்டை போடுங்கள். பக்கத்து அரை ஏக்கரை உங்கள் வழக்கப்படி உழுங்கள். ஒரே நாளில், ஒரே விதையை இரண்டிலும் போடுங்கள். டிராக்டர் கூலி, களைக் கூலி, மார்கழியில் எந்தப் பயிர் முதலில் வாடுகிறது, கடைசியில் எத்தனை மூட்டை, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அடுத்த வருஷம் மீதிக் காட்டுக்கும் விரித்துக் கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

மேகம் இறங்குவதற்கு முன்னாலேயே கொத்தைக் கழற்றி, இடைவெளியை அளந்து, கலப்பையைத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். கோடை மழை ஒரு நாள்தான் வரும். அன்றைக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.